மன்றாட்டில் ஒரு பெயர்

எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. இடுப்பு எலும்பு ஒருமுறை முறிந்து தேறியவர். பனிக்காலத்தில், எஸ்தோனியாவின் தலைநகரான இந்தத் தாலினின் நடைபாதைகள் எண்ணெய் தடவிய கல்லைப் போல வழுக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். அவர் ரஷ்ய மொழி பேசும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோரக் கத்தோலிக்கன். என் பூசைக்கு மாலையில் போய்க்கொள்ளலாம் என்பதால் காலைப் பொழுது அவருக்கு.

தோம்பேயா குன்றின் மேல் இருக்கும் அலெக்சாண்டர் நெவ்ஸ்கி பேராலயத்துக்குத்தான் அவர் போவார். டாக்சியில் ஏறி வாசலில் இறங்குவோம். உள்ளே நாற்காலி வரிசை கிடையாது. நின்றுதான் வழிபட வேண்டும். முடியாதவர்களுக்குச் சுவரோரம் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். பாட்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் குருவானவர் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே வரும்போது ஊன்றுகோலைப் பிடித்து எழுந்துவிடுவார். அந்த இடத்தில் பெயர்கள் வாசிக்கப்படும். முதலில் வருவது, ‘பெரிய தலைவரும் எங்கள் தந்தையுமான கிரில், மாஸ்கோவுக்கும் ரஷ்ய நிலம் அனைத்துக்குமான முதுபெரும் தந்தை.’ ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தலைவரான அவருடைய பெயருக்குச் சுற்றியிருப்பவர்கள் தலை குனிந்து சிலுவை அடையாளம் போடுவார்கள். பாட்டியின் வலது கை மட்டும் ஊன்றுகோலை விட்டு எழாது. அடுத்து ஆயரின் பெயர் வரும். உடனே கை எழும், நெற்றிக்குப் போகும்.

பல வாரம் கவனித்த பிறகு ஒருநாள் கேட்டேன். “என் தங்கை உக்ரைனில், கார்கிவில் இருக்கிறாள் தம்பி” என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

இங்குள்ள கோயில்களுக்கு மாஸ்கோ தலைமையோடு இருக்கும் இணைப்பை அறுக்க எஸ்தோனிய நாடாளுமன்றம் ‘திருச்சபைகள் மற்றும் சபைகள் சட்டம்’ என்ற பழைய சட்டத்தைத் திருத்தப் புறப்பட்டபோது என் மனத்தில் முதலில் வந்தது அந்தக் கைதான். அந்த நாடாளுமன்றமும் தொலைவில் இல்லை. பேராலயத்தின் வாசலில் நின்று நிமிர்ந்தால் எதிரே இளஞ்சிவப்பு நிறத்தில் தெரிவதுதான் ரீகிகோகு. நடுவில் கல் பாவிய ஒரு சிறிய சதுக்கம். ஜார் ஆட்சியில், 1894 முதல் 1900 வரை, எஸ்தோனியர்களின் தலைக்கு மேல் ரஷ்யப் பேரரசின் முத்திரையாக எழுப்பப்பட்ட கோயில் அது. 1920களில், நாடு புதிதாக விடுதலை பெற்றிருந்தபோது, இதை இடித்துவிட வேண்டும் என்று உரத்த குரல்கள் எழுந்தன. இடிக்கவில்லை. நூறு ஆண்டுகளாக இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

இந்த நாட்டின் அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். 1941 ஜூனில் சுமார் பத்தாயிரம் பேரையும், 1949 மார்ச்சில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் கால்நடை ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைத்துச் சைபீரியாவுக்கு அனுப்பியது சோவியத் அரசு. மக்கள்தொகை அன்று பத்து லட்சத்தைச் சுற்றியிருந்த நாடு. என் அலுவலகத்தில் கூட வேலை செய்பவர்களில் பாட்டியோ தாத்தாவோ அந்த ரயிலில் போகாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களிடம் போய் மாஸ்கோவிலிருந்து வரும் கட்டளை வெறும் ஆன்மிகக் கட்டளைதான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

நம்பாமல் இருப்பதற்கு முதுபெரும் தந்தை கிரில் தாமே காரணம் கொடுத்திருக்கிறார். 2022 செப்டம்பரில், படைக்கு ஆள் திரட்டும் ஆணை வந்த சில நாட்களில், இராணுவக் கடமையில் உயிர் விடுபவரின் பாவங்களையெல்லாம் அந்தத் தியாகம் கழுவிவிடும் என்று மறையுரை ஆற்றினார். 2024 மார்ச்சில், அவர் தலைமை தாங்கும் உலக ரஷ்ய மக்கள் பேரவை, உக்ரைன் மீதான போரைப் ‘புனிதப் போர்’ என்று ஆவணமாகவே எழுதியது. அதே ஆண்டு மே 6 அன்று ரீகிகோகு, மாஸ்கோ தலைமைப்பீடம் ஆக்கிரமிப்புப் போரை ஆதரிக்கும் நிறுவனம் என்று அறிவித்தது. அந்த அறிவிப்பில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. உண்மையைத்தான் சொன்னார்கள். அதற்கு முன்பே, 2024 தொடக்கத்தில், இங்கிருந்த மாஸ்கோ சார்புத் திருச்சபையின் தலைவர் பெருநகர ஆயர் யெவ்கேனியின் வசிப்பு உரிமத்தைப் புதுப்பிக்க அரசு மறுத்தது; பிப்ரவரியில் அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு மனிதர், அவர் பேசியவை, அதன் மேல் எடுத்த முடிவு. தப்பென்று கருதினால் அவர் வழக்குத் தொடரலாம்.

சட்டத் திருத்தம் அப்படிப்பட்டதல்ல. வெளிநாட்டில் இருக்கும் ஒரு தலைமை போரை ஆதரித்தாலோ நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தாக இருந்தாலோ, எஸ்தோனியாவில் இருக்கும் திருச்சபையோ பங்கோ மடமோ அந்தத் தலைமையின் வழிகாட்டுதலில் இயங்கக் கூடாது; அமைப்பு விதிகளாலோ பணத்தாலோ அதனுடன் இணைந்திருக்கவும் கூடாது. இணைப்பை அறுக்காவிட்டால் நீதிமன்றம் வழியாக அந்த அமைப்பைக் கலைக்கலாம். இங்கே இருப்பவர் என்ன செய்தார் என்ற கேள்வியே எழவில்லை. அங்கே இருப்பவர் என்ன சொன்னார், இவர் அவரோடு சேர்ந்தவரா என்பது மட்டும்தான் கேள்வி.

2025 ஏப்ரல் 9 அன்று 60 வாக்குகள் ஆதரவாகவும் 13 எதிராகவும் விழுந்து சட்டம் நிறைவேறியது. அதிபர் அலார் காரிஸ் கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். ஜூனில் சில இடங்களைத் திருத்தி மறுபடியும் நிறைவேற்றினார்கள். ஜூலையில் மறுபடியும் மறுத்தார். செப்டம்பர் 17 அன்று மூன்றாவது முறை, ஒரு சொல்லும் மாற்றாமல் நிறைவேற்றினார்கள். அப்படி மாற்றாமல் வந்தால் இந்த நாட்டின் அதிபருக்கு இரண்டே வழிதான்: கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அவர் நீதிமன்றத்துக்குப் போனார்.

அவரை மாஸ்கோவின் நண்பர் என்று யாராலும் சொல்ல முடியாது. ரஷ்யாவோடு எல்லையைப் பகிரும் நாட்டின் அதிபர். இருந்தும், மத சுதந்திரத்தையும் சங்கம் அமைக்கும் உரிமையையும் இந்தச் சட்டம் அளவுக்கு மீறி வெட்டுகிறது என்று நின்றார். கூட்டத்தோடு போவது எளிதாக இருந்த நேரத்தில் அவர் நின்ற விதம் எனக்குப் பெரிய ஆறுதல்.

எஸ்தோனிய அரசியல் சாசனத்தின் 40ஆவது பிரிவை அப்போதுதான் ஊன்றிப் படித்தேன். தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ, பொதுவிலோ மறைவிலோ யாரும் தம் மதத்தைப் பின்பற்றலாம். பொது ஒழுங்குக்கும் உடல்நலத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் கேடு வராதவரை. மூன்றே மூன்று விதிவிலக்குகள். அந்த மூன்றையும் எங்கோ படித்திருக்கிறேனே என்று நினைத்துப் பார்த்தால், நம் அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவும் அதே மூன்றோடுதான் தொடங்குகிறது: பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், உடல்நலம். பேச்சுரிமையைப் பற்றிய 19ஆவது பிரிவில் ‘நாட்டின் பாதுகாப்பு’ கட்டுப்பாட்டுக்கான காரணமாக எழுதப்பட்டிருக்கிறது. 25இல் அது இல்லை. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையிலும் அப்படியே. தனிவாழ்வு, பேச்சு, ஒன்றுகூடல் பற்றிய பிரிவுகளில் தேசப் பாதுகாப்பு இருக்கிறது. மதத்தைப் பற்றிய 9ஆவது பிரிவில் இல்லை.

இது எழுதியவர்களின் மறதி அல்ல என்று ஸ்ட்ராஸ்பூர்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அந்த வழக்கைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பாட்ரிக் நோலன் என்ற அமெரிக்க மதப் பணியாளர் ரஷ்யாவில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். 2002இல் வெளிநாடு போய்த் திரும்பியபோது மாஸ்கோ விமான நிலையத்தில் ஓர் இரவு அடைத்துவைத்து, வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். பத்து மாதக் குழந்தை உள்ளே, தகப்பன் வெளியே. காரணம் கேட்டபோது ரஷ்ய அரசு சொன்ன பதில்: தேசப் பாதுகாப்பு. வெளிநாட்டு மத அமைப்புகளின் தீய செல்வாக்கைத் தடுக்க வேண்டும் என்று அவர்களுடைய பாதுகாப்புக் கொள்கையிலேயே எழுதி வைத்திருந்தார்கள். மதத்தைக் கட்டுப்படுத்த அந்தக் காரணத்தைக் காட்ட முடியாது என்று நீதிமன்றம் ரஷ்யாவிடம் சொல்லிவிட்டது.

அதாவது, எஸ்தோனியா இன்று கையில் எடுத்திருப்பது ரஷ்யாவின் வாதம். அந்த வாதம் ரஷ்யாவில் எங்கே போய் முடிந்தது என்பதையும் நாம் பார்த்தோம். 2017 ஏப்ரல் 20 அன்று யெகோவாவின் சாட்சிகளைத் தீவிரவாத அமைப்பு என்று அறிவித்த அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அவர்களுடைய தலைமையகத்தையும் 395 உள்ளூர் அமைப்புகளையும் ஒரே தீர்ப்பில் கலைத்தது. பைபிளைச் சேர்ந்து படித்ததற்காக வயதானவர்கள் சிறைக்குப் போனார்கள். எஸ்தோனிய அரசு அப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. இங்கே நீதிமன்றம் நீதிமன்றமாக இருக்கிறது. ஆனால் ஒரு கருவியைச் செய்து வைத்தால், அதை நாளை எடுப்பவரின் கை எப்படிப்பட்டது என்று இன்று யாருக்கும் தெரியாது.

2025 ஆகஸ்ட் 28. மரியாவின் துயில் திருவிழா, பழைய நாட்காட்டிப்படி. பாட்டியைக் கூட்டிக்கொண்டு குரேமாய்க்குப் போயிருந்தேன். தாலினிலிருந்து கிழக்கே, யோஹ்வி ஊரைத் தாண்டி, இடா-விரு மாவட்டத்தில் இருக்கிறது அந்தக் கிராமம். பெயருக்கு ‘நாரைக் குன்று’ என்று பொருள். 1891இல் தொடங்கிய பியூக்தித்சா கன்னியர் மடம் அங்கேதான் இருக்கிறது. ஊரும் மடமும் அமைதியானவை. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது விறகு. ஆள் உயரத்துக்கு மேலே, தேன்கூடு போல வட்ட வட்டமாக அடுக்கி, உச்சியைக் கூம்பாக முடித்திருக்கிறார்கள். ஒரு துண்டும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. கன்னியர்களே அடுக்கியது. நம்மூரில் வைக்கோல் போர் போடுகிறவர்கள் பார்த்தால் மெச்சிக்கொள்வார்கள். குன்றடியில் ஊற்றுநீர்; ஆகஸ்டிலும் விரல் விறைக்கும் குளிர். பாட்டி இரண்டு புட்டிகளில் பிடித்துக்கொண்டார்.

இந்த மடம் உள்ளூர் ஆயரின் கீழ் இல்லை. நேரடியாக மாஸ்கோவின் முதுபெரும் தந்தையின் கீழ் இருக்கிறது. ஆகவே சட்டம் முதலில் போய் முட்டும் இடங்களில் இதுவும் ஒன்று. அரசு சொல்வது எளிதாகத்தான் இருக்கிறது: யாரும் உங்கள் ஜெபத்தைத் தடுக்கவில்லை, தலைமையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், கான்ஸ்தாந்திநோபிளின் முதுபெரும் தந்தையின் கீழ் வேறொரு ஆர்த்தடாக்ஸ் திருச்சபை இந்த நாட்டிலேயே இருக்கிறது, அதில் சேருங்கள். அந்தத் திருச்சபை மதிப்புக்குரியதுதான். 1923இல் கான்ஸ்தாந்திநோபிள் ஏற்றுக்கொண்டது. சோவியத் ஆட்சி கலைத்தது. நாடு கடந்து ஸ்டாக்ஹோமில் உயிர் பிடித்து, 1996இல் மீண்டும் இங்கே நிலைபெற்றது. ஆனால் கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாட்டைக் கடவுள் முன் கொடுத்த ஒரு கன்னியருக்கு, மேலே இருப்பவர் விடுவிக்காமல் தானாக விலகுவது பிளவு என்னும் பாவம். விடுவிக்கும் அதிகாரம் இருப்பது கிரிலிடம். அவர் விடுவிக்கப் போவதில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் விறகு அடுக்குகிறார்கள்.

அங்கே உருளைக்கிழங்குத் தோட்டத்து ஓரம் நின்றுகொண்டு நான் யோசித்ததை அப்படியே சொல்கிறேன். இந்த மடத்தில் ஆயுதம் இருக்கிறதா? தேடுங்கள். ரஷ்ய உளவுத்துறைப் பணம் வருகிறதா? கணக்கைக் கேளுங்கள். யாராவது போருக்கு ஆதரவாகப் பேசினார்களா, ஆள் சேர்த்தார்களா? வழக்குப் போடுங்கள், கம்பி எண்ண வையுங்கள். அதற்கெல்லாம் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அரசியல் சாசன ஒழுங்கைப் பலத்தால் கவிழ்க்க முனையும் சங்கத்தைத் தடைசெய்ய 48ஆவது பிரிவே இடம் தருகிறது. இதில் எதையும் நிரூபிக்க முடியாதபோதுதான் அரசுக்கு ‘இணைப்பு’ என்ற சொல் தேவைப்படுகிறது. ஆதாரம் இல்லாத இடத்தை அந்தச் சொல் நிரப்புகிறது. என் மனம் ஒப்பாதது இதற்குத்தான்.

லாத்வியா 2022 செப்டம்பரில் இதைவிட நேராகப் போனது. அங்கே நாடாளுமன்றமே சட்டம் போட்டு ஆர்த்தடாக்ஸ் திருச்சபையை மாஸ்கோவிலிருந்து தனித்ததாக்கிவிட்டது. திருச்சபை ஒன்றைத் தன்னாட்சி உள்ளதாக ஆக்குவது ஆயர் மன்றங்களின் வேலை. உறுப்பினர்கள் கைதூக்கிச் செய்யும் காரியமா அது?

உக்ரைனைப் பற்றிப் பேச எனக்குத் தயக்கம் உண்டு. குண்டு விழும் ஊரில் இருப்பவருக்குத் தாலினில் இருந்துகொண்டு நான் பாடம் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்ட் 20 அன்று 265 வாக்குகளோடு ரஷ்யத் திருச்சபையைத் தடைசெய்து, அதோடு தொடர்புள்ள அமைப்புகளைக் கலைக்கவும் வழிசெய்தது அவர்களுடைய நாடாளுமன்றம். அங்கே மாஸ்கோவோடு சேர்ந்திருந்த உக்ரைன் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் குருக்களில் சிலர் உண்மையாகவே எதிரிக்குத் தகவல் கொடுத்துத் தண்டனை பெற்றிருக்கிறார்கள். ஆனால் அதே திருச்சபையின் ஒடேசா பேராலயத்தின் மேல்தான் 2023 ஜூலை 23 அன்று ரஷ்ய ஏவுகணை விழுந்தது. அதன் பங்குகளில் பலவற்றில், போர் தொடங்கிய வாரங்களிலேயே, மன்றாட்டில் கிரிலின் பெயரை வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். 2022 மே 27 அன்று தாங்கள் முழுச் சுதந்திரம் பெற்றவர்கள் என்று அவர்களே மன்றம் கூட்டி அறிவித்தார்கள். அது போதாது, தாளில் இன்னும் இணைப்பு இருக்கிறது என்கிறது அரசு. சட்டத்தில் கையெழுத்தான மறுநாள் திருத்தந்தை பிரான்சிஸ் ஜன்னலில் நின்று, எந்தக் கிறிஸ்தவத் திருச்சபையையும் நேராகவோ மறைமுகமாகவோ ஒழிக்காதீர்கள், கோயில்களைத் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். உக்ரைனியர் பலருக்கு அது கசந்தது. எனக்கு அவர் பேசியது சரி என்றே பட்டது.

கத்தோலிக்கனாகப் பிறந்ததால் இருக்கலாம். எங்கள் பூசையிலும் ஒவ்வொரு நாளும் ஒரு வெளிநாட்டுத் தலைவரின் பெயர் வருகிறது. ‘எங்கள் திருத்தந்தை’ என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்ந்தவன் நான். உங்கள் விசுவாசம் ரோமுக்கா இந்தியாவுக்கா என்ற கேள்வியைக் கல்லூரி விடுதியில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ரோமில் இருப்பவர் நாளை ஏதேனும் தவறான ஒன்றைச் சொன்னால், எங்கள் கடற்கரைக் கோயிலைப் பூட்ட வேண்டும் என்று யாராவது கிளம்பினால், என் அம்மா எங்கே போய் மண்டியிடுவார்?

2025 செப்டம்பர் 6 அன்று தாலினின் விடுதலைச் சதுக்கத்தில் கத்தோலிக்கப் பேராயர் எடுவார்ட் ப்ரோஃபிட்லிச்சுக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தார்கள். நானும் கூட்டத்தில் நின்றேன். ஜெர்மனியில் பிறந்த இயேசு சபைக் குரு அவர். 1935இல் எஸ்தோனியக் குடியுரிமை பெற்றவர். சோவியத் படைகள் வந்தபோது ஜெர்மனிக்குப் போய்விட வழி இருந்தும் தம் மக்களோடு தங்கினார். 1941 ஜூன் 27 அன்று கைது செய்தார்கள். மரண தண்டனை விதித்தார்கள்; அது நிறைவேறும் முன்பே, 1942 பிப்ரவரி 22 அன்று, கீரோவ் சிறையில் உயிர் விட்டார். வெளிநாட்டுத் தலைமையோடு இணைந்த ஆபத்தான மனிதர் என்றுதான் அந்த அரசு அவரைப் பார்த்திருக்கும். அவருடைய உருவப்படத்தைப் பார்த்துக்கொண்டே எஸ்தோனியர்கள் அழுதார்கள். பதினோரு நாள் கழித்து, மேலே குன்றில், மூன்றாவது வாக்கெடுப்பு.

இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். வாக்களித்த உறுப்பினர்கள் யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை. எதிரில் இருப்பதும் ஓர் அப்பாவித் தலைமை அல்ல. மன்றாட்டின் ஒரு சொல்லுக்காக மனிதரைத் தண்டிக்கும் தலைமை அது. கிரில் கட்டாயமாக்கிய ஜெபத்தில் ‘வெற்றி’ என்று இருந்த இடத்தில் ‘சமாதானம்’ என்று வாசித்ததற்காக, மாஸ்கோக் குரு இயோவான் கோவாலை 2023 மே மாதம் குருப்பட்டத்திலிருந்து நீக்கினார்கள். ஒரு சொல்! அதனால்தான் எதிர்ப்பக்கத்தில் நிற்கும் அரசும் பெயரையும் சொல்லையும் அளவுகோலாக எடுத்துக்கொள்வது எனக்கு இத்தனை வலிக்கிறது.

நவம்பரில் ஒரு மாலை, மருந்து வாங்கிக் கொடுக்கப் போனபோது, பாட்டி அலமாரியின் கீழ் இழுப்பறையிலிருந்து ஒரு துணிமூட்டையை எடுத்து மேசை மேல் வைத்து அவிழ்த்தார். வெள்ளைச் சேலை போல ஒரு நீளத்துணி. புதுச் செருப்பு. இரண்டு மெழுகுவத்தி. நெற்றியில் கட்டும் படம் அச்சிட்ட காகிதப் பட்டை. அவருடைய தலைமுறைப் பெண்கள் தங்கள் அடக்கத்துக்கு வேண்டியதைத் தாங்களே சேர்த்து வைத்திருப்பார்களாம். இன்னொரு தாளும் இருந்தது. அடக்கத்தின்போது குரு வாசித்து, இறந்தவரின் கையில் வைக்கும் பாவமன்னிப்பு ஜெபம். அதன் அடியில் குருவின் பெயர் எழுத வெற்றிடம்.

“யாருடைய பெயரை எழுதுவார்கள்?” என்று கேட்டார். சட்டத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. வழக்கு தார்த்து நகரத்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது, அதிபரே கொண்டுபோயிருக்கிறார் என்று சொன்னேன்.

“அவர் நல்ல மனிதர்” என்றார். துணியை மடிப்புக் கலையாமல் மறுபடி மடித்து, முடிச்சுப் போட்டு, இழுப்பறையில் வைத்தார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை பனி கூடும் என்கிறார்கள், டாக்சியை ஒன்பது மணிக்கே வரச் சொல்லலாமா என்று கேட்டார்.